‘ஜாங்கல மாமிசம்’: ஒரு பெயர்ப்புச் சிக்கலின் வரலாறு

வடமொழி மருத்துவ நூல்கள் மெலிந்தோர்க்கு விதிக்கும் உணவுகளுள் ஜாங்கல மாமிசமும் ஒன்று. இதனைக் ‘காட்டு விலங்கின் இறைச்சி’ எனப் பெயர்ப்பது எளிது. ‘ஜங்கிள்’ என்னும் ஆங்கிலச் சொல்லும் அதற்குத் துணைநிற்கும். ஆயினும் அது பொருந்தாமைக்கு அந்நூல்களே சான்று.

சுசுருத சம்ஹிதை, சூத்திரத்தானம் 46ஆம் அத்தியாயத்தில், இறைச்சி ஜாங்கலம், ஆனூபம் என இருவகைப்படுகிறது. ஜாங்கலத்தின் எட்டு உட்பிரிவுகளுள் ஒன்று ‘கிராமியம்’. ஆடு, குதிரை, கழுதை, ஒட்டகம் முதலிய வீட்டு விலங்குகள் அதில் அடங்கும். யானை, காண்டாமிருகம், பன்றி ஆகியனவோ ஆனூபத்தில் வைக்கப்பட்டுள்ளன. எனவே இங்குள்ள எல்லை காட்டிற்கும் ஊருக்கும் இடைப்பட்டதன்று. வறண்ட நிலத்திற்கும் நீர்வளம் மிக்க நிலத்திற்கும் இடைப்பட்டது. சரக சம்ஹிதையின் பகுப்பு எண்வகையானது. அதுவும், வெள்ளாடும் செம்மறியும் இருவகை நிலத்திலும் மேய்வதால் அவற்றின் வகையை உறுதிசெய்ய இயலாது என்கிறது (சூத்திரத்தானம் 27). மேயும் நிலமே அளவுகோல் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

வறள்நில விலங்கின் ஊன் பொதுவாக ‘லகு’ எனவும், நீர்நில விலங்கின் ஊன் ‘குரு’ எனவும் கொள்ளப்பட்டன. மான் ஊன்களுள் சரகம் தலைமை தருவது இரலைக்கு. (1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப்பின் இது ஏட்டளவில் மட்டுமே பேசத்தக்க செய்தி.) பன்றி ஊனை வலிமை தருவதென்று போற்றும் அந்நூல், அதனைக் ‘குரு’ என்றே குறிக்கிறது. ஆகவே, ‘காட்டு இறைச்சி எளிதிற் செரிக்கும்’ எனப் பெயர்ப்பவர், செரிமானம் குன்றிய நோயாளிக்குப் பன்றி ஊனையும் விதித்தவராவார்.

இக்காலப் பகுப்பாய்வில் 100 கிராம் மான் இறைச்சியில் ஏறத்தாழ 23 கிராம் புரதமும், 2 முதல் 3 கிராம் வரை கொழுப்பும் காணப்படுகின்றன. இதனைக் கொண்டு ‘லகு’ என்பதற்குக் ‘கொழுப்புக் குறைந்தது’ எனப் பொருள் கூறுவதும் தகாது. பாசிப்பயற்றிற்கும் அந்நூல்கள் அதே அடையைத் தருகின்றன. அது சுட்டுவது செரிக்கும் எளிமையை.

சொல் தடம்மாறியது பிற்காலத்தில். 1776இல் வெளிவந்த ஹால்ஹெட்டின் சட்டத் தொகுப்பில் ‘ஜங்கிள்’ என்பது ஐந்தாண்டு தரிசாகக் கிடந்த நிலம். அடர்ந்த ஈரக்காடு என்னும் பொருள் ஆங்கிலத்தில் பின்னரே வேரூன்றியது. மூலச்சொல்லுக்கு ஏறத்தாழ எதிரான இப்பொருளைப் பிரான்சிஸ் சிம்மர்மான் 1982இல் பிரெஞ்சில் எழுதிய நூல் விரிவாக ஆராய்ந்தது.

தமிழில் ‘வறள்நில விலங்கின் ஊன்’ என்பது நீண்டதாயினும் பிழையற்றது. ‘முல்லை’, ‘பாலை’ எனச் சுருக்க விரும்புவோர், அச்சொற்கள் அகப்பொருள் மரபின் உரிப்பொருளையும் உடன் கொணரும் என்பதை எண்ணுதல் வேண்டும்.