கல்லூரி வாயிலில் ஓர் அளவுகோல்

ஒரு கல்லூரியில் ஆயிரம் இடங்கள் உள்ளன. பத்தாயிரம் பேர் விண்ணப்பம் அனுப்பியிருக்கிறார்கள். யாரைச் சேர்ப்பது? பள்ளியில் பெற்ற மதிப்பெண்ணைப் பார்ப்பதா, வகுப்பில் எத்தனையாவது மாணவர் என்று பார்ப்பதா, அல்லது எல்லோரையும் ஒரே நாளில் உட்கார வைத்து ஒரே வினாத்தாளைக் கொடுப்பதா? அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இந்தக் கேள்வி ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளாகக் கேட்கப்பட்டு வருகிறது. அந்த வரலாற்றைச் சற்று பார்ப்போம்.

முதலில் வாசகர்கள் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். நம் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத் தேர்வைப் போல ஒன்றை வைத்து, அந்த மதிப்பெண்ணைக் கொண்டு கல்லூரியில் இடம் கொடுக்கும் வழக்கம் அங்கே பொதுவாக இல்லை. பாடம் நடத்தும் ஆசிரியரே மதிப்பெண்ணும் போடுகிறார். எனவே ஒரு பள்ளியின் 'ஏ' தரமும் மற்றொரு பள்ளியின் 'ஏ' தரமும் ஒரே எடையுள்ளவை என்று சொல்ல முடியாது. சிக்கல் முழுவதும் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒவ்வொரு கல்லூரியும் தனக்கென ஒரு நுழைவுத் தேர்வை நடத்தியது. இலத்தீனும் கிரேக்கமும் படிக்காதவனுக்குப் பழம்பெருங் கல்லூரிகளில் இடமில்லை. 1871ஆம் ஆண்டில் மிச்சிகன் பல்கலைக்கழகம் வேறு வழியில் சென்றது. அதன் பேராசிரியர்கள் உயர்நிலைப் பள்ளிகளுக்கு நேரில் சென்று பார்வையிட்டார்கள். கற்பிக்கும் முறை நன்றாக இருந்தால் அப்பள்ளியின் சான்றிதழே போதும், நுழைவுத் தேர்வு வேண்டாம் என்றார்கள். மாணவனை அளப்பதற்குப் பதில் பள்ளியை அளந்தார்கள் எனலாம். கிழக்குக் கரைக் கல்லூரிகள் தேர்வை விடவில்லை. ஆனால் அவை ஒன்றுகூடிக் கல்லூரி நுழைவுத் தேர்வு வாரியத்தை நிறுவி, 1901 ஜூனில் முதல் பொதுத் தேர்வை நடத்தின. எழுதியவர்கள் 973 பேர்.

ஹார்வர்டின் ஏழில் ஒரு பங்கு

தரவரிசையின் கதையில் மிகச் சுவையான பகுதி இதுதான். தேர்வு மதிப்பெண்ணை மட்டும் பார்த்ததால் ஹார்வர்டில் யூத மாணவர்களின் தொகை உயர்ந்தது; 1922ல் அது ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டிவிட்டது. அதன் தலைவர் லோவெல் இதற்கு ஓர் உச்சவரம்பு விதிக்க விரும்பினார். இதை ஆராய அமைக்கப்பட்ட குழு 1923ல் அந்த யோசனையை ஏற்கவில்லை. அதற்குப் பதில், பள்ளி வகுப்பில் முதல் ஏழில் ஒரு பங்குக்குள் வரும் மாணவரைத் தேர்வின்றியே சேர்க்கலாம் என்றது. தெற்கிலும் மேற்கிலும் உள்ள சிற்றூர்களிலிருந்து மாணவர்கள் வருவார்கள் என்பது எதிர்பார்ப்பு.

நடந்தது என்ன? நகரத்துப் பொதுப் பள்ளிகளில் முதல் வரிசையில் இருந்தவர்களுள் யூத மாணவர்களும் ஏராளம். 1925ல் அவர்கள் பங்கு நான்கில் ஒன்றையும் தாண்டிற்று. 1926ல் ஹார்வர்டு விதியை மாற்றியது. சேர்க்கை ஆயிரமாக வரையறுக்கப்பட்டது; 'குணநலன்' என்ற புதிய தகுதி முக்கியத்துவம் பெற்றது; விண்ணப்பத்துடன் புகைப்படமும் கேட்கப்பட்டது. யூதர்களின் தொகை சரிந்தது. குணநலனை அளக்கும் கருவி எதுவும் ஹார்வர்டிடம் இருக்கவில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை. அளவு பிடிக்காதபோது அளவுகோலை மாற்றினார்கள், அவ்வளவுதான்.

பென்சில் கோட்டில் மின்னோட்டம்

அதே 1926ஆம் ஆண்டு ஜூன் 23 அன்று 8000க்கும் மேற்பட்ட மாணவர்கள் ஒரு புதுவகைத் தேர்வை எழுதினார்கள். 97 நிமிடங்களில் 315 கேள்விகள். இதுவே சாட் எனப்படும் தேர்வின் பிறப்பு. இதை வகுத்தவர் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்து உளவியலார் கார்ல் பிரிகாம். முதல் உலகப் போரில் படைவீரர்களுக்கு நடத்திய நுண்ணறிவுச் சோதனைகளே இதற்கு மூலம். அச்சோதனைகளை வைத்து, வட ஐரோப்பிய இனத்தாரே அறிவில் உயர்ந்தவர்கள் என்று 1923ல் ஒரு நூலும் எழுதியிருந்தார் பிரிகாம். 1930ல் அவரே அந்த முடிவுக்கு அடிப்படை இல்லை என்று வெளிப்படையாக எழுதி மறுத்தார். ஆங்கிலமே சரிவரத் தெரியாத குடியேறிகளிடம் ஆங்கிலச் சோதனையை நடத்தினால் எதை அளக்கிறோம்? எங்கள் ஆய்வுக்கூடத்தில் வெர்னியர் அளவியைக் கையிலெடுக்கும் மாணவன் முதலில் சுழிப்பிழையைப் பார்க்கிறான். பிரிகாம் அதை ஏழாண்டு கழித்துப் பார்த்தார். என்றாலும் பார்த்தாரே, அதற்காக அவரைப் பாராட்டலாம்.

தேர்வோ நிலைத்துவிட்டது. 1933ல் ஹார்வர்டின் தலைவரான வேதியியலார் கோனண்ட், பணக்காரப் பள்ளிகளுக்கு வெளியே உள்ள திறமையாளரைக் கண்டுபிடித்து உதவித்தொகை கொடுக்க விரும்பினார். அதற்கு இத்தேர்வைப் பயன்படுத்தினார். ஒரு தடைதான் இருந்தது: பல்லாயிரம் தாள்களைத் திருத்துவது யார்?

இதற்கு விடை கண்டவர் மிச்சிகன் மாநிலத்தில் அறிவியல் ஆசிரியராக இருந்த ரேனால்ட் ஜான்சன். பென்சிலில் உள்ள கிராபைட் மின்சாரத்தைக் கடத்தும் என்பது உங்களுக்குத் தெரியும். விடைக்குரிய கட்டத்தில் பென்சில் கோடு இருந்தால் மின்னோட்டம் பாயும், இல்லையென்றால் பாயாது. சரியான கட்டங்களின் வழியே வரும் மின்னோட்டத்தைக் கூட்டினால் அதுவே மதிப்பெண்! ஐ.பி.எம். நிறுவனம் அவரை வேலைக்கு எடுத்துக்கொண்டு 1938ல் இந்த இயந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கட்டுரை விடைகளைக் கையால் திருத்தும் பழைய வாரியத் தேர்வுகள் போர்க்காலத்தில், 1942ல், நின்றே போயின. 1947ல் கல்வித் தேர்வுப் பணி நிறுவனம் தொடங்கப்பட்டது, தேர்வு பெருந்தொழிலாயிற்று.

அளவுகோலையும் கவனியுங்கள். 1941ல் தேர்வு எழுதியோரின் சராசரி 500 என்றும், திட்ட விலக்கம் 100 என்றும் வைத்தார்கள். அப்போது எழுதியவர்கள் ஏறத்தாழ பத்தாயிரம் பேர். பெரும்பாலும் வசதியான வீட்டுப் பிள்ளைகள். பின்னர் எல்லாத் தரப்பினரும் எழுதத் தொடங்கியபின் மொழிப் பகுதியின் சராசரி 430க்கும் கீழே வந்துவிட்டது. 1995ல் சராசரியை மறுபடியும் 500க்கு அருகில் கொண்டுவந்தார்கள். மாணவர்கள் ஒரே இரவில் அறிவாளிகளாகிவிடவில்லை. வெப்பநிலைமானியின் கோடுகளை நகர்த்தினார்கள், காய்ச்சல் அப்படியே இருந்தது.

எது சரியாக முன்கூட்டிச் சொல்லும்?

கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் 2001ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. 1996 முதல் 1999 வரை சேர்ந்த சுமார் 78,000 மாணவர்களின் முதலாண்டு மதிப்பெண்களை எடுத்துக்கொண்டார்கள். மாணவருக்கு மாணவர் அம்மதிப்பெண்ணில் காணும் வேறுபாட்டில் எவ்வளவு பங்கைப் பள்ளி மதிப்பெண்ணால் விளக்க முடிகிறது? 15.4 விழுக்காடு. சாட் தேர்வால்? 13.3. இயற்பியல், வரலாறு போன்ற பாடங்களுக்கான தனித் தேர்வுகளால்? 16. பள்ளி மதிப்பெண்ணையும் பாடத் தேர்வையும் சேர்த்தால் 22.2, அதனுடன் சாட்டையும் சேர்த்தால் 22.3. அதாவது சாட் கூடுதலாகத் தந்தது பத்தில் ஒரு விழுக்காடு. அப்பல்கலைக்கழகத்தின் தலைவர் அட்கின்சன், தாமே ஓர் உளவியலார், சாட்டைக் கைவிடலாம் என்று அந்த ஆண்டே முன்மொழிந்தார்.

எல்லாவற்றையும் சேர்த்தும் 22 விழுக்காடுதானா என்று நீங்கள் வியக்கலாம். இங்கே ஒரு நுட்பம் உள்ளது. ஓம் விதியைச் சரிபார்க்கும் மாணவன் 2.0 வோல்ட்டிலிருந்து 2.1 வோல்ட் வரை மட்டும் அளவுகள் எடுத்து வரைபடம் போட்டால் என்ன கிடைக்கும்? கருவியின் பிழையால் புள்ளிகள் கண்டபடி சிதறிக் கிடக்கும்; நேர்கோடே தெரியாது. ஓம் விதி பொய் என்று ஆகிவிடாது. எடுத்துக்கொண்ட வீச்சு சிறியது, அவ்வளவே. பொறுக்கி எடுத்த மாணவர்களை மட்டும் வைத்துக் கணக்கிடும்போதும் இதே நிலைதான். சேர்க்கப்படாதவர்கள் அந்த வரைபடத்தில் இல்லை. 'மதிப்பெண்ணுக்கும் படிப்புக்கும் தொடர்பே இல்லை' என்று மேடையில் முழங்குவோர் இதைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள்.

மறுபக்கமும் உண்டு. சாட் தேர்வின் ஒவ்வொரு பகுதியிலும் ஏறத்தாழ 30 புள்ளிகள் அளவீட்டுப் பிழை உண்டு. எனவே 640க்கும் 650க்கும் உள்ள வேறுபாட்டை வைத்து ஒருவனை உள்ளேயும் மற்றவனை வெளியேயும் நிறுத்துவது அளவியல் அறிந்தவர் செய்யும் வேலையன்று.

2020ல் பெருந்தொற்றின்போது தேர்வு மையங்கள் மூடப்பட்டன. நூற்றுக்கணக்கான கல்லூரிகள் தேர்வைக் கட்டாயமில்லை என்றன; கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் சேர்க்கையில் அதைப் பார்ப்பதையே விட்டது. ஆனால் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் 2022 மார்ச்சில் தேர்வை மீண்டும் கட்டாயமாக்கியது. கணிதத்தில் தாக்குப்பிடிக்கக் கூடியவர் யார் என்று அறிய வேறு நல்ல வழி இல்லை என்பது அதன் வாதம். 2024ல் டார்ட்மவுத் கல்லூரியும் திரும்பியது. அதன் ஆய்வு ஒரு விந்தையைக் காட்டிற்று: வசதி குறைந்த மாணவர் பலர், தங்களுக்கு உதவியிருக்கக் கூடிய மதிப்பெண்களைப் போதாது என்று எண்ணி அனுப்பாமலே இருந்துவிட்டார்கள்.

வகுப்புத் தரவரிசையின் கதை இதற்கிடையே டெக்சாஸில் மறுபிறவி எடுத்திருந்தது. இனத்தைக் கருத்தில் கொண்டு மாணவரைச் சேர்ப்பதை 1996ல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் தடுத்தது. மறு ஆண்டே, மாநிலத்தின் எந்த உயர்நிலைப் பள்ளியிலும் முதல் 10 விழுக்காட்டுக்குள் வருபவருக்கு மாநிலப் பல்கலைக்கழகங்களில் இடம் உறுதி என்று சட்டம் வந்தது. எல்லைப்புற ஏழை ஊரின் முதல் மாணவிக்கும் டல்லஸ் நகரத்துச் செல்வர் பள்ளியின் முதல் மாணவனுக்கும் ஒரே உரிமை. முன்பு ஒருவரையும் அனுப்பாத பள்ளிகளிலிருந்து ஆஸ்டின் வளாகத்துக்கு மாணவர்கள் வந்தார்கள். போட்டி குறைவான பள்ளியைத் தேடிப் பிள்ளைகளைச் சேர்த்த பெற்றோர்களும் இருந்தார்கள் என்று பொருளியல் ஆய்வாளர்கள் கண்டார்கள். பெற்றோர்கள் எங்கும் பெற்றோர்களே!

ஆஸ்டினில் இடம் பெற்ற டெக்சாஸ் மாணவரில் ஐந்தில் நான்கு பேர் இவ்வழியிலேயே வந்ததால், 2009ல் அப்பங்கை 75 விழுக்காடாக வரையறுத்தார்கள். அதற்கேற்ப அங்கே 10 என்ற எல்லை படிப்படியாக இறங்கி 6க்கு வந்தது. 2026 இலையுதிர் காலச் சேர்க்கைக்கு அது 5 என்று பல்கலைக்கழகம் 2024ல் அறிவித்தது. நூறு பேர் படிக்கும் வகுப்பில் ஆறாவதாக வரும் மாணவி, அவ்வாண்டு முதல், மற்றவர்களைப் போலத் தன் தேர்வு மதிப்பெண்ணையும் கட்டுரையையும் அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டியவள்.