அப்பாவோட பேட்டுக்கு மாற்று எது? கம்பளிப் பந்திலிருந்து கார்பன் வரை

இந்த வாரக் கேள்வி ரொம்பச் சின்னது. பழைய பேட் போயிடுச்சு, அதுக்குப் பதிலா என்ன வாங்கலாம்? கடையில கேட்டா விலையைச் சொல்வாங்க. யூடியூப்ல கேட்டா சாம்பியன் பேரைச் சொல்வாங்க. நான் இந்தக் கேள்வியை வரலாறுகிட்ட கேட்டுப் பார்த்தேன். ஏன்னா, மாத்த வேண்டியது எங்க அப்பாவோட பேட். அதுக்கு வயசு நாப்பதுக்கு மேல.

எங்க வீடு மூலக்குளத்துல. புதுச்சேரியிலேர்ந்து விழுப்புரம் போற ரோட்டுல, ரெட்டியார்பாளையம் தாண்டினதும் வரும். அப்பா ஸ்கூல் நாள்ல பூப்பந்து ஆடினவர். ரிட்டயர் ஆனதுக்கு அப்புறம், டாக்டர் உடம்பை அசைக்கச் சொன்னதால, சாயந்திரம் தெருப் பசங்களோட ஷட்டில் ஆட ஆரம்பிச்சார். அந்தப் பழைய மர பேட்டோட கழுத்துல இப்ப விரிசல். “இதே கனத்துல ஒண்ணு பாரும்மா”ன்னார். ஆனா தோள் ஏற்கெனவே வலிக்குதுன்னு ராத்திரி தைலம் தேய்ச்சுக்கிறார். பேட் சரியா அமையலைன்னா, ஆடுறதையே விட்டுடுவார். அதுதான் என் கவலை.

சரி, அந்த ‘இதே கனம்’ எங்கேர்ந்து வந்தது?

நம்ம பக்கம் பூப்பந்து வேற, இறகுப்பந்து வேற. பூப்பந்துன்னா மஞ்சள் கம்பளி நூல் பந்து. 1856லேயே தஞ்சாவூர் அரச குடும்பம் இதை ஆடினதா விளையாட்டு வரலாறு சொல்லுது. இறகுப்பந்தை பூனாவுல இருந்த பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகள் ஆடி, இங்கிலாந்துக்குக் கொண்டுபோனாங்க. அங்க ‘பேட்மிண்டன்’ங்கிற மாளிகையோட பேர் அதுக்கு ஒட்டிக்கிச்சு. காத்து அடிச்சாலோ ஈரமா இருந்தாலோ இறகுக்குப் பதிலா கம்பளிப் பந்தை எடுத்துக்கிட்ட காலமும் உண்டு. அதாவது, ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரி.

ஆனா எடையில அண்ணன் வேற, தம்பி வேற. கம்பளிப் பந்து 27லேர்ந்து 30 கிராம். இறகுப்பந்து 4.74லேர்ந்து 5.50 கிராம்தான். கிட்டத்தட்ட ஆறுல ஒரு பங்கு. 24 மீட்டர் நீளமுள்ள திறந்தவெளி மைதானத்துல, பக்கத்துக்கு அஞ்சு பேர் நின்னு அந்தக் கம்பளிப் பந்தை அடிக்கணும்னா பேட்டுல வலு வேணும். அதனால பூப்பந்து பேட் வழக்கமா 165லேர்ந்து 185 கிராம் வரைக்கும் இருக்கும். இன்னைக்குக் கடையில தொங்குற ஷட்டில் பேட் பெரும்பாலும் 80லேர்ந்து 90 கிராம். அப்பா கேக்குற கனம், ஷட்டிலுக்கு உண்டான கனமே இல்ல. அவர் கை பழகினது இன்னொரு பந்துக்கு.

இப்ப மரத்துக்கு வருவோம். இந்தியாவுல விளையாட்டுச் சாமான் தொழிலோட பெரிய ஊர் ஒரு காலத்துல சியால்கோட். 1947 பிரிவினையில அது பாகிஸ்தானுக்குப் போச்சு. அங்கேர்ந்து கிளம்பின கைவினைஞர்களும் வியாபாரிகளும் ஜலந்தர்ல மறுபடி தொழிலைத் தொடங்கினாங்க. மர பேட்டுக்கு ஒரு பெரிய எதிரி உண்டு: ஈரம். காத்துல ஈரம் ஏறினா ஃபிரேம் முறுக்கிக்கும். அதனாலதான் அந்தக் காலத்து பேட்டை, நாலு மூலையிலும் திருகு வெச்ச மரச் சட்டத்துக்குள்ள மாட்டி வைப்பாங்க. கடலோர ஊர்க்காரங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மழைக்காலத்துல நம்ம வீட்டுக் கதவே மூடாது!

மரம் எப்படி விடைபெற்றது? இங்கதான் எனக்குப் பிடிச்ச கதை. ஜப்பான்ல நீகாட்டா பகுதியில மினோரு யோனெயாமான்னு ஒருத்தர் 1946ல தொழில் தொடங்கினார். செஞ்சது பேட் இல்ல, மீன் வலைக்கு மர மிதவை. பிளாஸ்டிக் மிதவை வந்ததும் அந்த வியாபாரம் படுத்துடுச்சு. கையில மரவேலை இருந்தது, வாங்க ஆள் இல்ல. 1957ல பேட்மிண்டன் பேட் பக்கம் திரும்பினார். அந்தக் கம்பெனிதான் இன்னைக்கு யோனெக்ஸ். ஒரு தடவை புதுப் பொருள் வந்து தொழிலைச் சாய்ச்சதைப் பார்த்தவங்க, பேட்டுலயும் மரத்தோட நின்னுடல. அலுமினியத்துக்குப் போனாங்க, அப்புறம் கார்பன் இழைக்கு. இங்கிலாந்துல கார்ல்டன் கம்பெனி இரும்பு ஃபிரேம்ல பேர் வாங்கிச்சு.

இதுக்கு விதியும் தடையா இல்ல. சர்வதேச விதிப்படி பேட் 680 மில்லிமீட்டர் நீளத்தையும் 230 மில்லிமீட்டர் அகலத்தையும் தாண்டக் கூடாது. எடைக்கு வரம்பே கிடையாது. அதனால பேட் இளைச்சுக்கிட்டே போச்சு. கூடவே நரம்போட இறுக்கம் ஏறிச்சு. இப்ப ஆடுறவங்க கட்டுற இறுக்கத்தை மர ஃபிரேமால தாங்க முடியாது. ஆட்டமும் வேகமாச்சு, மணிக்கட்டுக்கு வேலை கூடிச்சு.

இதையெல்லாம் வெச்சுக்கிட்டு அப்பாவுக்கு எப்படித் தேர்ந்தெடுக்கிறது? நான் நாலு விஷயம் பார்த்தேன்.

முதல்ல எடை. பேட்டோட கழுத்துப் பக்கத்துலயோ கைப்பிடி மேலயோ 3யு, 4யு, 5யுன்னு போட்டிருக்கும். 3யுன்னா 85லேர்ந்து 89 கிராம், 4யு 80லேர்ந்து 84, 5யு 75லேர்ந்து 79. எண் கூடினா எடை குறையும்.

ரெண்டாவது, கனம் எங்க உக்காந்திருக்குங்கிறது. ஒரே எடையுள்ள ரெண்டு பேட்ல, தலைப்பக்கம் கனம் உள்ளது கையில பெருசாத் தெரியும். ஸ்மாஷுக்கு அது நல்லா இருக்கும், ஆனா தோளுக்குச் சுமை. அப்பா தேடுற ‘கனம்’ உண்மையில எடை இல்ல, இந்த உணர்வுதான். தோள் வலிக்கிறவருக்கு நடுச் சமநிலை போதும்.

மூணாவது, தண்டோட வளைவு. மெதுவா வீசுறவங்களுக்கு வளையுற தண்டு தானாவே கொஞ்சம் விசை கொடுக்கும். விறைப்பான தண்டு, வேகமான கைக்குத்தான் பலன் தரும். நரம்பும் அப்படித்தான். 20லேர்ந்து 22 பவுண்டு இறுக்கம் அவருக்குத் தாராளம்.

நாலாவது, கைப்பிடி. யோனெக்ஸ் கணக்குல ஜி4ஐ விட ஜி5 மெலிசு. மெலிசா வாங்கிட்டு மேல கிரிப் சுத்திப் பருமனாக்கலாம். பருமனா வாங்கினதை இளைக்க வைக்க முடியாது.

கடைக்குப் போறதுக்கு முன்னாடி, தெருப் பசங்களோட பேட்டை ஒண்ணொண்ணா வாங்கி, பத்துப் பத்து நிமிஷம் அப்பாவை ஆட வெச்சேன். எண்ணைப் பத்தி அவர்கிட்ட எதுவும் சொல்லல. தோள் வலிக்கலைன்னு அவரே திருப்பித் தராம வெச்சுக்கிட்டது ஒரு 4யு, நடுச் சமநிலை, வளையுற தண்டு. “காத்து மாதிரி இருக்கு, ஆனா போவுது”ன்னார். அதே வகையில ஒண்ணு வாங்கினோம். பழைய பேட்டுக்கு மறுபடி நரம்பு கட்டல. விரிசல் விட்ட ஃபிரேமை நரம்போட இழுப்பே உடைச்சிடும்.

இன்னொரு சுவாரசியம். 2019ல உலக பேட்மிண்டன் கூட்டமைப்பு ‘ஏர் பேட்மிண்டன்’னு ஒரு ஆட்டத்தை அறிமுகப்படுத்திச்சு. திறந்தவெளியில, காத்துக்கு ஈடுகொடுக்குற புதுப் பந்தோட ஆடுறது. காத்துக்கு என்ன பண்றதுன்னு கம்பளிப் பந்து எடுத்தவங்க கேட்ட அதே கேள்வி, 150 வருஷத்துக்கு மேல ஆகியும் ஓயல.

வரலாறு எனக்குச் சொன்ன பதில் இதுதான் மக்களே: பேட்டை எப்பவும் பந்துதான் தீர்மானிச்சிருக்கு, அப்புறம் கையில கிடைச்ச பொருள். அதனால பழைய பேட் மாதிரியே ஒண்ணு தேடுறதுக்கு முன்னாடி, அது எந்தப் பந்துக்காகச் செஞ்சதுன்னு கேளுங்க. அப்புறம், இப்ப ஆடப்போற தோள் எப்படி இருக்குன்னு கேளுங்க. அடுத்த வாரம் பார்க்கலாம்.