டார்வின் மாட்டின தொப்பி

கால்லா லில்லி தொட்டியில காம்பு மட்டும் நெட்டையா வளர்ந்து, ஜன்னல் பக்கமா சாஞ்சு நிக்குதா? யூரியாவை எடுக்கறதுக்கு முன்னாடி இந்தக் கதையைக் கேளுங்க மக்கா.

1880-ல சார்லஸ் டார்வினும் மகன் பிரான்சிஸும் ஒரு புத்தகம் போட்டாங்க. கேனரி புல்லோட முளை வெளிச்சத்தைப் பார்த்து வளையும். நுனிக்கு ஒரு தொப்பி மாட்டிட்டா வளையாது. ஆனா வளையற இடம் நுனி இல்லை, அதுக்குக் கீழே! அப்போ நுனியில இருந்து ஏதோ ஒரு சேதி கீழே போகுதுன்னு சொன்னாங்க. ஜெர்மனியில அன்னிக்குப் பெரிய தலையான ஜூலியஸ் சாக்ஸ் இதை மதிக்கவே இல்லை. பண்ணை வீட்டு அமெச்சூர் வேலையாம். (ராத்திரியில செடி கதை படிக்கிற பொட்டி தட்டும் ஆசாமிக்கு இந்த இடத்துல கோபம் வராதா என்ன :-))

1926-ல யூட்ரெக்ட்ல பிரிட்ஸ் வென்ட், ஓட்ஸ் முளை நுனிகளை வெட்டி அகார் மேல வச்சார். சேதி அகார்ல இறங்கிடுச்சு! அந்தத் துண்டை நுனி வெட்டின முளை மேல ஒரு ஓரமா வச்சா, இருட்டுலயே வளைஞ்சுது. அதுதான் ஆக்சின். நிழல் பக்கமா சேர்ந்து, அந்தப் பக்கத்துச் செல்களை நீட்டி விடுது.

ஆக, ஒரு பக்கமா சாஞ்சா தொட்டியை அப்பப்போ திருப்பி வைங்க. மொத்தமா ஒல்லியா நீண்டிருந்தா வெளிச்சப் பஞ்சம். கொஞ்சம் கொஞ்சமா வெளிச்சத்துக்கு நகர்த்துங்க. நீண்ட காம்பு திரும்பச் சுருங்காது. அடுத்து வர்ற இலையைப் பாருங்க.