காதுக்குள் கேட்கும் பேரிகை

திருமூலர் திருமந்திரத்தில் பத்து ஒலிகளைச் சொல்கிறார். மணி, கடல், யானை, குழல், மேகம், வண்டு, தும்பி, சங்கு, பேரிகை, யாழ். வெளியே யாரும் எழுப்பாமல் யோகி தனக்குள்ளே கேட்கும் நாதங்கள் இவை. ‘மாதவ நிதானம்’ என்ற பழைய வைத்திய நூலோ பேரிகை, மிருதங்கம், சங்கு போலக் காதில் ஒலி கேட்பதைக் ‘கர்ணநாதம்’ என்று நோய்க் கணக்கில் சேர்க்கிறது. சுசுருதர் எண்ணிய 28 காது நோய்களிலும் அது உண்டு. அங்கே யோக சித்தி, இங்கே வியாதி. யோகி மூச்சை அடக்கிக் கேட்டார்; நான் எதையும் அடக்காமலே பதினோரு வருடமாகக் கேட்கிறேன். எனக்கு வாய்த்தது வண்டு.

நம் பக்கத்தில் இதைக் காது இரைச்சல் என்போம். ஆலங்குடியில் கடலை உடைக்கும் மில்லில் 27 வருடம் கணக்கு எழுதினேன். என் மேசைக்கும் மிஷினுக்கும் நடுவே ஒரு தகரத் தடுப்புதான். அறுபது தாண்டியதும் முதலில் பேத்தியின் பேச்சு போனது. ‘ச’வும் ‘த’வும் ஒன்றாகிவிட்டன. அப்புறம்தான் வண்டு வந்தது.

இந்த சங்கதி புதிதல்ல. 1886-இல் கிளாஸ்கோ நகரில் தாமஸ் பார் என்ற மருத்துவர், கொதிகலன் பட்டறைத் தொழிலாளர்கள் 100 பேரின் காதுகளைக் கடிகார டிக் டிக் சத்தத்தை வைத்தே சோதித்தார். ஒருவருக்குக்கூட முழுச் செவித்திறன் இல்லை. நம் பழைய தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலும், இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மை அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோயாக இருந்தது. கடலை மில்களிலும் அரிசி மில்களிலும் அதை யார் அறிவித்தார்கள்?

உள்காதில் நத்தை ஓடு போன்ற பகுதியில் சுமார் 15,000 மயிரணுக்கள் உண்டு. கீச்சுக் குரலை வாங்கும் அணுக்கள்தான் சத்தத்தில் முதலில் சாகும். மனிதருக்கு அவை திரும்ப முளைப்பதில்லை. அங்கிருந்து செய்தி வராததால் மூளை, ரேடியோவில் வால்யூமைத் திருகுவதுபோலத் தன் பங்குக்கு ஏற்றிக்கொள்கிறது என்கிறார்கள். அந்த இரைச்சல்தான் நமக்குக் கேட்கிறது. சென்னை ஸ்டான்லியில் மருத்துவம் படித்த வி.எஸ். ராமச்சந்திரன், வெட்டி எடுத்த கை இன்னும் வலிப்பதைப் பற்றி ஆராய்ந்து பேர் பெற்றவர். இதுவும் அதற்குப் பங்காளிதான்.

பீத்தோவன் 1801-இல் நண்பருக்கு எழுதிய கடிதத்தில், இரவும் பகலும் காது இரைகிறது என்று வருந்தியிருக்கிறார். செக் நாட்டு ஸ்மெத்தானா 1874-இல் செவிடானார். இரண்டு வருடம் கழித்து எழுதிய இசையில், கடைசிப் பகுதியில் வயலினுக்கு ஒரு நீண்ட கீச்சு ஸ்வரம் வைத்தார். அது அவர் காதில் கேட்ட இரைச்சல்.

எனக்கு ஒரு கட்டத்தில் வண்டோடு நாயனமும் சேர்ந்தது. இரவு இரண்டு மணிக்கு நாமபுரீஸ்வரர் கோயில் பக்கமிருந்து மல்லாரி. எழுந்து திண்ணையில் உட்கார்ந்தால் தெருவில் நாய்கூட இல்லை. வீட்டுக்காரி வேப்பிலை அடிக்கலாம் என்றாள். எனக்கோ புத்தி பேதலிக்கிறதோ என்ற பயம். அதை யாரிடம் சொல்ல? தஞ்சாவூரில் ஒரு காது டாக்டர்தான், செவித்திறன் குறைந்த முதியவர்களுக்குப் பாட்டும் கேட்கலாம், சேர்த்து வைத்ததை மூளை எடுத்துப் போடுகிறது, பைத்தியம் இல்லை என்றார். காது மிஷின் வைத்ததும் நாயனம் குறைந்தது. வண்டு போகவில்லை.

பிரெஞ்சு மருத்துவர் இத்தார் 1821-இலேயே சத்தத்துக்குச் சத்தமே மருந்து என்று எழுதினார். உறுமலுக்கு எரியும் அடுப்பருகே உட்காரச் சொன்னார். சீறலுக்கு ஈர விறகு. மணியொலிக்குச் செம்புப் பாத்திரத்தில் சொட்டும் நீர். தூக்கம் வராதவர் நீர்மில்லின் பக்கத்தில் குடியிருக்கலாமாம்! மில்லில் கெட்ட காதுக்கு மில்லே வைத்தியம்.

எனக்கு மின்விசிறிச் சத்தம் போதும். 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் வந்து தென்னையும் கம்பமும் சாய்ந்தன. பல நாள் கரண்ட் இல்லை. அந்த ராத்திரிகளில் வண்டு பேரிகையாகிவிட்டது. இத்தார் பெயர்கூட அறியாத வீட்டுக்காரி, ஓட்டைக் குடத்தைக் கயிற்றில் கட்டி, அடியில் செப்பு அண்டாவை வைத்தாள். விடிய விடியச் சொட்டியது. ஓட்டையை மட்டும் இரண்டு தரம் துணி வைத்துச் சின்னதாக்க வேண்டியிருந்தது.