கலிங்கத்துப்பரணியில் வீரரும் இல்லமும்

கலிங்கத்துப்பரணி என்பது செயங்கொண்டார் இயற்றிய பரணி இலக்கியம் ஆகும். முதலாம் குலோத்துங்க சோழனின் (ஆட்சி: 1070–1120) படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான், கலிங்க வேந்தன் அனந்தவர்மன் சோடகங்கனை வென்றதை இந்நூல் பாடுகிறது. வரலாற்றுப் போர் ஒன்றைக் காளியும் பேய்களும் உரையாடும் கற்பனைக் கதையாக்கிய இந்நூலில், வீரரின் உயிர்த்தியாகம் அவர்தம் மனைவியர் வழியாகவும் உணர்த்தப்படுகிறது.

கதைக்களம்

பாலாற்றங்கரைக்குப் பரிவேட்டையாட வந்த குலோத்துங்கன் காஞ்சியில் தங்கியிருந்தான். கலிங்க மன்னன் திறை செலுத்தாததை அங்கு அறிந்து, படையெடுக்க ஆணையிட்டான் என்று நூல் கூறுகிறது. காஞ்சிபுரத்துக்குக் கிழக்கே உள்ள வாலாஜாபாத், அப்பாலாற்றின் கரையிலேயே பிற்காலத்தில் தோன்றிய ஊராகும்.

கடைதிறப்பு

நூலின் முற்பகுதியான கடைதிறப்பு, போர்க்களத்தை அன்றி வீட்டு வாயிலைக் காட்டுகிறது. போருக்குச் சென்ற கணவர் திரும்பக் காலந்தாழ்த்தமையால் ஊடிக் கதவடைத்த மகளிரை விளித்து, வெற்றியைக் கேட்கக் கதவைத் திறக்குமாறு வேண்டுவதாக இப்பகுதிக்கு விளக்கம் கூறுவர்.

களக்காட்சிகள்

போர் முடிந்தபின் மனைவியர் களத்திற்கு வருகின்றனர். ஒருத்தி, நிலமகள் தீண்டாதவாறு கணவன் உடலைத் தன் உடலால் தாங்கி, வானுலக மகளிர் அவனை அடையுமுன் தானும் உயிர்விடுகிறாள். மற்றொருத்தி, புறமுதுகு காட்டாத அவன் தோள் எங்கே எனக் காளியிடம் வினவுகிறாள்.

இவ்விரு பாடல்களிலும் மாண்டவன் சோழவீரனா கலிங்கவீரனா என்பது கூறப்படவில்லை. வெற்றியைப் போற்ற எழுந்த நூலாயினும், இவ்விடங்களில் போரின் இழப்பு இருதரப்பு இல்லங்களுக்கும் பொதுவாகிறது.