ஹால்டேன், ஜே. பி. எஸ். (1892–1964)

பிரித்தானியாவில் பிறந்து இந்தியக் குடிமகனாக மறைந்த பிறப்புரிமையியலாளர். சுண்டெலியின் நிறம், நொதியங்களின் வேகம், குருதியும் மலேரியாவும் என இவரது ஆய்வுகள் பல திசைகளில் சென்றன. பரம்பரையலகில் நேரும் சிறு மாற்றம் உடலின் இரசாயனத்தில் என்ன செய்கிறது என்ற கேள்வியே அவற்றை ஒன்றுசேர்க்கிறது. இலங்கையின் மன்னார்க் கரையில் உள்ள அரிப்பு போன்ற ஊர்களின் நோய் வரலாற்றைப் படிப்பவருக்கும் அந்தக் கேள்வி வேண்டியதே.

சுண்டெலிகள்

ஒக்ஸ்போர்ட்டில், உடற்றொழிலியலாளர் ஜோன் ஸ்கொட் ஹால்டேனின் மகனாகப் பிறந்தார். எட்டு வயதிலேயே தந்தையுடன் சென்று மெண்டலின் விதிகள் பற்றிய சொற்பொழிவைக் கேட்டவர். பின்னர் தங்கை நவோமியுடனும் நண்பர் ஏ. டி. ஸ்ப்ரன்ட்டுடனும் சேர்ந்து சுண்டெலிகளைக் கலந்து வளர்த்தார். ஒரு வகை, நிறமியே இல்லாத வெள்ளெலி. மற்றது, கண் சிவந்து உரோமம் மங்கிய எலி. மெண்டல் சொன்னபடி இவ்விரு இயல்புகளும் ஒன்றையொன்று சாராமல் குட்டிகளுக்குப் போயிருக்க வேண்டும். அவை அப்படிப் பிரியாமல், பெரும்பாலும் சேர்ந்தே கடத்தப்பட்டன. முலையூட்டிகளில் பரம்பரையலகு இணைப்பு முதன்முதலாக வெளிப்பட்டது இந்த ஆய்வில்தான்.

வேலை முடியுமுன்பே முதலாம் உலகப் போர் மூண்டது. ஸ்ப்ரன்ட் போர்முனையில் உயிரிழந்தார். பிளாக் வாட்ச் படைப்பிரிவில் அதிகாரியாக இருந்த ஹால்டேன், கட்டுரையை மூவர் பெயரிலும் 1915இல் வெளியிட்டார். பட்டறிவு குறைந்த மூன்று இளையவர்கள் வீட்டில் வளர்த்த எலிகளைக் கொண்டு இதைச் சாதித்தார்கள் என்பது இன்றும் வியக்கத்தக்கது.

அந்த இரு பரம்பரையலகுகளும் சுண்டெலியின் 7ஆம் நிறமூர்த்தத்தில் உள்ளன. வெள்ளெலியில் பழுதாகியிருப்பது நிறமியை உண்டாக்கும் டைரோசினேஸ் நொதியம். அதன் 103ஆவது அமினோ அமிலமாக இருக்க வேண்டிய சிஸ்டீனின் இடத்தில் செரீன் இருப்பது 1990இல் தெரியவந்தது. ஹால்டேன் தொடங்கிய எலி ஆய்வு, தெரியாமலே ஒரு நொதிய விகாரத்தைப் பற்றிய ஆய்வாகவும் இருந்திருக்கிறது.

நொதியங்கள்

1923இல் கேம்பிரிட்ஜில் கௌலண்ட் ஹொப்கின்ஸின் உயிரிரசாயனத் துறையில் சேர்ந்தார். 1925இல் தாவரவியலாளர் ஜி. ஈ. பிரிக்ஸுடன் எழுதிய சிறு குறிப்பு, நொதியத்தாக்க வேகத்தை விளக்கும் முறையையே மாற்றியது. நொதியமும் அது தாக்கும் பொருளும் சேர்ந்த சிக்கல், உண்டாகும் வேகத்திலேயே குலைந்தும் போகிறது என்று கொண்டு அவர்கள் சமன்பாட்டைப் பெற்றார்கள். மைக்கேலிஸ்–மென்டன் சமன்பாடு பாடநூல்களில் இன்று பெரும்பாலும் இந்த வழியிலேயே வருவிக்கப்படுகிறது. நொதியங்கள் பற்றிய இவரது நூல் 1930இல் வந்தது.

1933இல் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரிக்கு மாறினார். நாசி ஜெர்மனியைவிட்டு வெளியேறிய ஹான்ஸ் குரூனபெர்க்குக்கு அங்கே இடம் கிடைக்க உதவினார். குரூனபெர்க்கே 1943இல் சுண்டெலிப் பிறப்புரிமையியலின் அடிப்படை நூலை எழுதினார். ஈமோபிலியா நோயைக் கொண்டு மனிதரில் விகாரம் நேரும் வீதத்தை ஹால்டேன் கணக்கிட்டது 1935இல்.

இந்திய ஆண்டுகள்

1957இல் மனைவி ஹெலன் ஸ்பர்வேயுடன் கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு வந்தார். 1961இல் இந்தியக் குடியுரிமை பெற்றார். 1962இல் புவனேசுவரத்தில் ஆய்வுகூடம் அமைத்தார். விலையுயர்ந்த கருவி இல்லாமலே நல்ல ஆய்வு செய்யலாம் என்று இளைஞர்களுக்கு இடைவிடாமல் எடுத்துச் சொன்னார். ஆந்திரத்தில் தாய்மாமன், அத்தை மக்கள் திருமணங்கள் ஆராயப்பட்டதற்கு அவரது ஊக்கம் முக்கிய காரணம். தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் ஒரே பழுது வந்து சேர்ந்தால்தான் பல நொதியக் குறைபாடுகள் வெளிப்படும். உறவுமுறைத் திருமணங்களில் அதற்கான வாய்ப்பு கூடுதல். 1964 டிசம்பர் 1 அன்று புவனேசுவரத்தில் காலமானார். அவரது விருப்பப்படி உடல் காக்கிநாடா மருத்துவக் கல்லூரிக்கு வழங்கப்பட்டது.

மலேரியாவும் மன்னார்க் கரையும்

தலசீமியா கடத்திகளின் செங்குழியங்கள் சிறியவை. அவை மலேரியாவைத் தாக்குப்பிடிக்கலாம், அதனாலேயே அந்த விகாரம் மத்திய தரைக்கடல் நாடுகளில் நிலைத்திருக்கலாம் என்று ஹால்டேன் 1949இல் வெளியான உரையில் கருதினார். 1954இல் அந்தனி அலிசன், அரிவாட்செல் விகாரத்துக்கு இதைப் போன்ற சான்றைத் தந்தார். செங்குழியங்களைக் காக்கும் ஜி6பிடி நொதியத்தின் குறைபாடும் பின்னர் இந்த வரிசையில் சேர்ந்தது.

அருவியாறு கடலில் கலக்கும் அரிப்பு, முத்துக்குளிப்புக் காலங்களில் ஆயிரக்கணக்கானோர் வந்து கூடிய கரை. கோடையில் ஆறு வற்றும்போது மணலில் தேங்கும் குட்டைகள், இலங்கையின் முக்கிய மலேரியா நுளம்பான அனோபிலிஸ் குலிசிபேசிஸ் முட்டையிட ஏற்றவை. வடபுல வறள் வலயம் நெடுங்காலம் மலேரியாக் காய்ச்சலில் வாடியது. ஈரலில் மறைந்திருக்கும் வைவாக்ஸ் மலேரியா ஒட்டுண்ணியை அழிக்கக் கொடுக்கப்படும் பிரைமாகுயின், ஜி6பிடி குறைந்தவரின் செங்குழியங்களை உடைத்துவிடும். இந்த நொதியம் குன்றிய சுண்டெலியை வால்டர் பிரெட்ச் குழுவினர் ஜெர்மனியில் 1988இல் விவரித்தனர்; நோயை எலியில் ஆராய அதனால் வழி பிறந்தது.

2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. அடுத்த ஆண்டிலேயே, நகரங்களிலும் பெருகக்கூடிய அனோபிலிஸ் ஸ்டீபென்சி நுளம்பு மன்னார்த் தீவில் இருப்பது அறிவிக்கப்பட்டது. வெளிநாட்டிலிருந்து வைவாக்ஸ் காய்ச்சலோடு வரும் ஒருவருக்குப் பிரைமாகுயின் கொடுக்குமுன், அவரது ஜி6பிடி அளவைப் பார்த்துக்கொள்வது இன்றும் அவசியம்.