சிறைப்பட்டவர் சொன்ன கதை

கால்நடைகள் மடிந்தன, விளைச்சலும் பொய்த்தது. திருவிதாங்கூர் அரண்மனை அலுவலர் நீலகண்டன் மனமுடைந்திருந்த அவ்வேளையில், யோபுவின் வரலாற்றை அவருக்கு எடுத்துரைத்தவர் டிலனாய். 1741இல் குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மரிடம் சிறைப்பட்டு, பின் அம்மன்னரின் படைக்கே பயிற்சி அளித்த டச்சுப் படைவீரர். தாமும் இழந்தவர் சொன்னதால்தான் போலும், அச்சொல் நெஞ்சில் தைத்தது. 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று நீலகண்டன் தேவசகாயம் ஆனார்.

யோபுவுக்கோ இழந்தவை இருமடங்காகத் திரும்பின. இவருக்கு? 1749இல் கைது; எருமைமேல் ஏற்றி ஊர்வலம்; சாட்டையடி; ஏறத்தாழ மூன்றாண்டுச் சிறைவாசம். கதையின் இனிய முடிவை நம்பி வந்தவராயின் அங்கேயே திரும்பியிருப்பார். அவர் நம்பியது முடிவையன்று, ஆண்டவரை.

1752 சனவரி 14இல் ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றனர். கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் அவரது எலும்புகளை அடக்கம் செய்தனர். புனிதர் பட்டம் 2022 மே 15இல் வந்தது.